மெத்தை சுமந்த பேராசிரியர்

பாட்டுக் கேட்கும் அறையின் சுவரெங்கும் முட்டை அட்டைகளை ஒட்டிவைப்போர் இன்றும் உளர். அவர்கள் வாலஸ் சபைனை அறிந்திருத்தல் நன்று.

அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில், ஃபொக் கலைக்கூட விரிவுரை மண்டபத்தில் பேசிய சொல் ஐந்து செக்கன்களுக்கு மேலாக முழங்கி, அடுத்துவரும் சொற்களை விழுங்கியது. 1895 இல் அதைத் திருத்தும் பொறுப்பு இளம் பௌதிகவியலாளரான சபைனிடம் வந்தது. சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து பரப்பி, ஓர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். விடியுமுன் மெத்தைகளைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்! மெத்தைகள் கூடக்கூட முழக்கம் தணிந்தது. அறையின் கனவளவையும் ஒலியுறிஞ்சும் பரப்பையும் இணைக்கும் சூத்திரம் இவ்வாறே பிறந்தது. 1900 இல் திறக்கப்பட்ட பொஸ்ரன் சிம்பொனி மண்டபம் அவரது ஆலோசனைப்படி எழுந்ததே.

மெல்லிய அட்டை உயர்ந்த தொனிகளைச் சிறிதே உறிஞ்சும். தாழ்ந்த தொனிகளுக்குத் தடித்த பஞ்சு வேண்டும். பழைய இலவம்பஞ்சு மெத்தையொன்றைச் சுவரிலிருந்து சற்றே தள்ளி நிறுத்திக் கேட்டுப்பாருங்கள்.