ஒரே மரம், வேறு வேறு இலை: ராயகிரி அடிவாரத்தை முன்வைத்து

1. களம்

ராயகிரி மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்து ஊர். தென்மேற்குப் பருவமழையில் பெரும்பகுதி மலைக்கு அப்பாலேயே பெய்து தீர்ந்துவிடுவதால், இங்குள்ள தோப்புகளுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையும் கிணறும்தான் ஆதாரம். கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போனால் செவ்வலும் கரிசலும் மாறி மாறி வரும். ஒரே வகை மரம் இத்தனை சூழல்களிலும் நிற்கிறது. அதன் இலைக்குள் இருக்கும் சரக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதானா?

2. ஒளி

வேறு ஊருக்குப் போகவே வேண்டாம். ஒரே மரத்தின் உச்சியிலும் உட்கிளையிலும் பறித்தாலே வேறுபாடு தெரியும். வெயில்பட்ட இலை தடித்திருக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிளேவனாய்டுகளும் பிற ஃபீனால்களும் அதில் கூடுதல். நிழல் இலை அகன்று மெலிந்திருக்கும்; எடைக்கு எடை பார்த்தால் பச்சையம் அதில்தான் மிகுதி. ‘வேப்பிலை ஒரு கைப்பிடி’ என்று மருந்துக்குச் சொல்லும்போது எந்தக் கிளை என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

3. மண்

சிக்கல் மிகுந்த பகுதி இது. சுக்கான் எனும் சுண்ணாம்புக்கல் கலந்த நிலத்தில் எலுமிச்சைக் கொழுந்து மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச்சத்துக் குறைவு என்பார்கள். ஆனால் அந்த இலையைப் பரிசோதனைக்கு அனுப்பினால், மொத்த இரும்பு பச்சை இலையில் உள்ள அளவுக்கே இருப்பதும் உண்டு. சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் மிகுந்த மண்ணில், வந்து சேர்ந்த இரும்பும் இலைக்குப் பயன்படாமல் முடங்கிவிடுகிறது. மொத்த அளவை மட்டும் நம்பி உரம் போடுகிறவர் ஏமாறுவார்.

வயதும் குழப்பும். இலை முற்ற முற்றத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றின் விகிதமும் குறையும், கால்சியம் ஏறும். அதனால்தான் எலுமிச்சை இனங்களில் காய்க்காத கிளையிலிருந்து 4 முதல் 6 மாத இலையைப் பரிசோதனைக்கு எடுப்பது வழக்கம்.

4. நீர்

வறட்சியில் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், புரோலின் என்ற அமினோ அமிலம் சேரும். கனமான கார்பன்-13 அணுக்களின் பங்கும் இலையில் சற்றே உயரும். மழையளவைப் பதிந்து வைக்காத தோப்பிலும் மரம் பட்ட தாகத்தை இதிலிருந்து கணிக்கலாம்.

5. மலைக்காடு

இதே மலைத்தொடரில் தெற்கே, களக்காடு–முண்டந்துறைக் காட்டில் இருக்கிறது காக்காச்சி. அங்கு வாழும் கருமந்திகளின் உணவையும் இலை வேதியியலையும் சேர்த்து ஓட்ஸ், வாட்டர்மேன், சூ ஆகியோர் 1980-இல் ஆய்வு வெளியிட்டனர். நாரும் டானினும் குறைந்த இலைகளை நோக்கியே மந்திகளின் தேர்வு சாய்ந்தது. சத்துக் குறைந்த மண்ணில் இழந்த இலையை மீட்பது மரத்துக்குக் கடினம், ஆகவே அது டானின் போன்ற துவர்ப்பை ஏற்றிக் காத்துக்கொள்கிறது என்று சூழலியலாளர் டேனியல் ஜான்சன் 1974-இல் வாதிட்டிருந்தார். கவர்ச்சியான கருத்து, ஆனால் வளமான காட்டையும் வறிய காட்டையும் ஒப்பிடும்போது மர இனங்களே மாறிவிடுகின்றன. துவர்ப்பு மண்ணால் வந்ததா, பிறவியிலேயே உள்ளதா?

6. மரபா, மண்ணா?

வேம்பை வைத்து இதைப் பிரித்தறிவது கடினம். விதைக்கு விதை மரபு மாறும். எலுமிச்சை அப்படியல்ல. ஒரே விதையில் பல கருக்கள் உண்டாகும். அவற்றில் பெரும்பாலானவை தாய்த் திசுவிலிருந்தே வருவதால், கன்றுகள் தாயின் நகல்களாகவே முளைக்கின்றன. ஒரு தாய்மரத்துக் கன்றுகளை அடிவாரச் செவ்வலிலும் கிழக்குக் கரிசலிலும் நட்டு, ஒரே வயது இலையை ஒரே திசைக் கிளையிலிருந்து எடுத்தால், தென்படும் வேறுபாட்டின் பெரும்பங்கைச் சூழலின் கணக்கில் எழுதலாம். எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன புளியங்குடி பக்கத்தில் இருக்க, இந்தச் சோதனைக்குக் கன்று தேடி அலைய வேண்டியதில்லை.