ஸீலாவும் இருங்காட்டுக்கோட்டையும்

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அப்பாஸிய ஆட்சியில் அஞ்சல் துறை அதிகாரியாக விளங்கியவர் இப்னு குர்தாத்பிஹ். அவர் தம்முடைய ‘கிதாபுல் மஸாலிக் வல் மமாலிக்’ என்னும் நூலில், சீனத்திற்கும் அப்பால் மலைகள் மலிந்த ஒரு நாட்டைக் குறிப்பிடுகின்றார். அதன் பெயர் ஸீலா. அங்கே பொன் மிகுதி என்றும், அங்குச் சென்ற முஸ்லிம்கள் அந்நாட்டின் நலங்களைக் கண்டு அங்கேயே குடியமர்ந்துவிட்டனர் என்றும் எழுதுகின்றார். அந்நாளில் கொரியாவை ஆண்ட சில்லா அரசே அரபு நாவில் ஸீலா ஆயிற்று.

குடியமர்ந்தவர்கள் எதை உண்டார்கள், பிள்ளைகளை எம்மொழியில் தாலாட்டினார்கள் என்பவற்றை அந்நூல் சொல்லவில்லை. வழிநூல் எழுதுவோர் துறைமுகத்தை எழுதுவர், அடுக்களையை எழுதார். பின்னர் மங்கோலியர் மேலோங்கிய காலத்தில் மேலும் பல முஸ்லிம்கள் கொரியாவிற் குடியேறித் தமக்கெனத் தனி உடையும் வணக்க முறையும் கொண்டு வாழ்ந்தனர். 1427 ஆம் ஆண்டில் மன்னர் ஸேஜோங்கின் அரசு, அவர்கள் தம் உடையையும் சடங்குகளையும் விடுத்து நாட்டு மக்களைப் போலாக வேண்டுமென ஆணையிட்டது. அதன்பின் அச்சமூகம் காலப்போக்கில் கரைந்து மறைந்தது.

இன்று பயணத்தின் திசை மாறியிருக்கின்றது. இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையில், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியது இருங்காட்டுக்கோட்டை. 1996 இல் ஹூண்டாய் நிறுவனம் அங்கே மோட்டார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியது. 1998 இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. உதிரிப்பாகம் செய்யும் கொரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பொறியாளர்கள் வந்தனர், அவர்தம் மனைவி மக்களும் வந்தனர். ஏரியும் வயலுமாயிருந்த வட்டாரத்தில் கொரிய எழுத்திற் பெயர்ப்பலகைகள் தோன்றின.

தொழிற்சாலைக்குச் செல்லும் கணவனுக்கு அங்கே அவன் அறிந்த இயந்திரமும் அவன் மொழி பேசும் தோழர்களும் உண்டு. வீட்டில் இருக்கும் மனைவிக்கோ யாவும் புதிது. அவர்கள் சோறு குறுமணி அரிசியால் ஆனது. ஒன்றோடொன்று ஒட்டினால்தான் குச்சியால் எடுத்துண்ண இயலும். நாமோ சோறு உதிரி உதிரியாக இருந்தால்தான் பக்குவம் என்போம். முட்டைக்கோஸ் வகையில் உப்பும் மிளகாயும் பூண்டும் சேர்த்துப் புளிக்கவைக்கும் கிம்ச்சி இல்லாமல் அவர்களுக்கு உணவே இல்லை. குளிர்காலத் தொடக்கத்தில் சுற்றமும் அண்டை வீட்டாரும் கூடிச் செய்து, சாடியிலிட்டு மண்ணிற் புதைத்து வைப்பது பழைய வழக்கம். அந்தக் குளிரை நம்பிப் பிறந்த உணவு நம் சித்திரை வெயிலில் விரைவிற் புளித்து முற்றிவிடும். பனிக்காலத்தில் தரையையே சூடேற்றி அதன்மேற் படுத்துறங்கும் நாட்டார், தரை குளிர்ந்தால் போதுமென ஏங்கும் ஊருக்கு வந்துவிட்டனர்.

ஆயினும் ஒற்றுமைகளும் உண்டு. வாசலிலே செருப்பைக் கழற்றுவது அவர்களுக்கும் வழக்கம். அவர்கள் குழந்தை தாயை ‘ஒம்மா’ என்றும் தந்தையை ‘அப்பா’ என்றும் அழைக்கும். நம் இல்லத்து ‘உம்மா’ நினைவிற்கு வருகின்றதல்லவா! இதைக்கொண்டு வமிச உறவு நாட்ட நாம் முற்படவில்லை. அந்நிய நாட்டில் காதிற்கு இனிய ஒரு சொல் கிடைப்பதும் ஆறுதலே என்கிறோம்.

முஸாபிர் எப்போது முகீம் ஆகின்றான் என்பதற்கு பிக்ஹு நூல்கள் கணக்கு வைத்துள்ளன. வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நாடினால் அவன் தொழுகையைச் சுருக்கலாகாது என்பது ஷாபிஈ மத்ஹபு. பதினைந்து நாள் என்பது ஹனபி மத்ஹபு. இது தொழுகையின் கணக்கு. மனம் முகீம் ஆவதற்கு எத்தனை நாள் என்று எந்த மத்ஹபும் வரையறுக்கவில்லை.

மதீனாவிற்கு ஹிஜ்ரத் செய்த ஸஹாபாக்களே இதற்குச் சான்று. அந்த ஊரின் காய்ச்சல் அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோரைப் படுக்கையில் வீழ்த்தியது. பிலால் (ரலி) மக்காவின் புல்லையும் நீர்நிலையையும் நினைத்து ஏங்கினார்கள். அதனைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. மக்காவைப் போல் மதீனாவையும் எங்களுக்குப் பிரியமானதாக்குவாயாக என்று துஆச் செய்தார்கள். பிறந்த மண்ணை நினைத்தழுவது நன்றிகேடன்று என்பது இதனால் விளங்கும்.

இன்னொரு செய்தி புகாரியில் வருகின்றது. குறைஷிகள் தம் மனைவியரை அடக்கி வைத்திருந்தவர்கள் என்றும், அன்ஸாரிகளின் வீடுகளில் பெண்கள் கை ஓங்கியிருந்ததைக் கண்டு தம் பெண்களும் அதனைக் கற்றுக்கொண்டனர் என்றும் உமர் (ரலி) அவர்களே கூறுகின்றார்கள். அவர்கள் மனைவி எதிர்வார்த்தை பேசியபோதுதான் அந்த மாற்றம் அவர்களுக்குப் புலப்பட்டது. புதிய ஊர் முதலில் நுழைவது வீட்டிற்குள்தான்!

நம் முன்னோர் வரலாறும் இதுவே. பினாங்கில் 1801 இல் காதிர் முஹ்யித்தீன் கண்ட கப்பித்தான் கிலிங் பள்ளியும், சிங்கப்பூரில் 1826 இல் எழுந்த ஜாமிஆ சூலியா பள்ளியும் நம் கடற்கரை மக்கள் அங்கு வேரூன்றியதன் அடையாளங்கள். பலர் மலாய்ப் பெண்களை மணந்தனர். அவர்தம் மக்கள் ஜாவி பிரானாக்கான் எனப்பட்டனர். தேங்காய்ப்பாலும் சம்பலும் அவர்கள் உணவாயின. பிள்ளைகள் மலாய் பேசினர். ஆனால் ரமலானில் பள்ளியிலே நோன்புக் கஞ்சி காய்ச்சுவதை அவர்கள் விடவில்லை. அடுப்பு மாறியது, கிப்லா மாறவில்லை. அவர்களை இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லும் 1427 ஆம் ஆண்டு ஆணை போன்ற ஒன்று அங்கே பிறக்கவில்லை என்பதையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

கொரியர்களும் அந்நிய வாழ்வு அறியாதவரல்லர். 1976 இல் சவூதி அரேபியாவின் ஜுபைல் துறைமுகப் பணியை ஹூண்டாய் கட்டுமான நிறுவனமே ஏற்றது. கொரியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அப்பாலையில் உழைத்தனர். நம் இளைஞர்கள் வளைகுடாவிற்குப் புறப்பட்ட காலமும் அதுவே. இரு சாராரும் மனைவி மக்களை ஊரில் விட்டுச் சென்றவர்கள். அதே 1976 இல்தான் ஸியோல் நகரில் பெரிய பள்ளிவாசலும் திறக்கப்பட்டது.

இத்தனையும் எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஜும்ஆவிற்குப் பின் நண்பர் ஒருவர் நம்மிடம் வந்து, “ஹஜ்ரத், ஒரு கொரியாக் குடும்பம் மாடி வீட்டை வாடகைக்குக் கேட்கிறது. அவர்கள் அடுப்பில் பன்றியும் வேகுமே, கொடுக்கலாமா?” என்று கேட்டார். குடியிருப்பதற்காக விட்ட வீட்டில், பிற மதத்துக் குடித்தனக்காரர் மது அருந்தினாலும் பன்றியைக் கொண்டுவந்தாலும் வீட்டுக்காரருக்குப் பாவமில்லை, அவர் அதற்காக வாடகைக்கு விடவில்லையே என்று இமாம் ஸரக்ஸீ ‘மப்ஸூத்’ நூலில் விளக்கியிருப்பதை எடுத்துரைத்தோம். “அசைவம் சமைப்போருக்கு வீடு இல்லை என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பியவர் நம்மிலும் உண்டே. அந்தச் சொல்லை நாம் பிறர்க்குச் சொல்லலாமா?” என்றும் கேட்டோம். ஆடு அறுத்த வீட்டில், யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று முதலில் வினவிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களையும் நினைவூட்டினோம்.

நண்பர் சாவியைக் கொடுத்தார். பெருநாளன்று அவர் வீட்டுத் தட்டு மாடிக்குச் சென்றது. மறுநாள் பழங்களோடு திரும்பி வந்தது.

ஸீலாவிற் சென்றவர்கள் அதன் நலங்கண்டு தங்கினர் என்று ஓர் அரபு அறிஞர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்தார். நம் நாட்டைப் பற்றி அவ்வாறு ஒரு வரியை ஸீலாவின் மக்கள் எழுதுவார்களா என்பது நம் வாசற்படியிலே தீர்மானமாகின்றது.