சொல்லிழந்தோர் மூளையும் காந்தப் படிமமும்

1861இல் பாரிசில், ‘டான்’ என்னும் ஓரசையையே பெரிதும் மொழிந்துவந்த நோயாளி ஒருவர் இறந்தபின், மருத்துவர் பால் புரோக்கா அவர் மூளையின் இடப்பக்க முன்மடலில் சிதைவைக் கண்டார். மொழிக்கு மூளையில் இடமுண்டு என மொழியியலார் நாம் கற்றது அத்தகைய சான்றுகளால்தான்.

1973இல் பால் லாட்டர்பர் காந்த ஒத்ததிர்வுப் படிமத்தை வெளியிட்டார். அம்முறை வளர்ந்து, உயிருள்ள மூளையையே காட்டிற்று.

பக்கவாதத்துக்குப் பின் எழும் அழற்சி சிதைந்த திசுவை அகற்றும். மிகுந்தால் எஞ்சியதையும் கெடுக்கும். குருதியிற் செலுத்தும் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை விழுங்கணுக்கள் உட்கொள்ள, அவை திரளுமிடம் சிலவகைப் படிமங்களில் கருமையாகத் தோன்றும். குருதிநாளங்கள் கசிந்தாலும் துகள்கள் மூளையுட் புகுமாதலின், அக்கருமையை ஆய்ந்தே பொருள்கொள்ளல் வேண்டும்.

பேச்சிழந்தவர் தம்முள் நிகழ்வதை உரைக்கமாட்டார். அதனை அவர் வாழும்போதே அறிய முயல்வதே, புரோக்காவின் காலத்துக்கும் நம் காலத்துக்கும் உள்ள வேறுபாடு.