தொடர்புடைய சேவை: அமெரிக்கப் பள்ளிகளுக்குள் தொழில்வழிச் சிகிச்சை வந்த வரலாறு

தொழில்வழிச் சிகிச்சை என்ற பெயரைக் கேட்டதும், “ஐந்து வயதுப் பிள்ளைக்கு இப்போதே எதற்குத் தொழில்?” என்று பெற்றோர் கேட்பதில் வியப்பில்லை. ஆக்குபேஷன் என்ற சொல்லைத் தமிழில் தொழில் என்று பெயர்த்ததால் வந்த குழப்பம் அது. இந்தத் துறையில் அந்தச் சொல் பிழைப்புக்கான வேலையை மட்டும் குறிப்பதில்லை. ஒருவர் காலை எழுந்தது முதல் இரவு படுப்பது வரை கையாலும் மனத்தாலும் ஈடுபடும் எல்லாக் காரியங்களும் அதில் அடங்கும். பிள்ளைக்கு அது பொத்தான் போடுவது, சோற்றைச் சிந்தாமல் உண்பது, வரிசையில் நிற்பது, நண்பனோடு பந்து எறிவது, கோட்டுக்குள் எழுதுவது. மருத்துவமனைகளில் ‘ஓ.டி.’ என்று சுருக்கிச் சொல்லப்படும் இந்தச் சிகிச்சை, அக்காரியங்களுள் எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று பார்த்து வழி செய்கிறது.

இந்தத் துறை பள்ளிக்குள் முதன்முதலில் பேரளவில் நுழைந்தது அமெரிக்காவில். அந்த வரலாற்றில் ஒரு முரண் உண்டு. ‘செயலே மருந்து’ என்ற கொள்கையில் பிறந்த துறை, பள்ளிக்குள் காலெடுத்து வைத்தபோது அக்கொள்கையை வெளியில் விட்டுவிட்டு, மருத்துவமனைப் பழக்கத்தை மட்டும் கொண்டு வந்தது. விட்டதை மீட்டெடுக்க அதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் சிலர் கூடி, தொழில்வழிச் சிகிச்சையை வளர்ப்பதற்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கினர். அழைத்தவர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன், கட்டடக் கலைஞர். காலின் ஒரு பகுதியை இழந்து, உடலின் இடப்பக்கம் செயலிழந்த நிலையில், தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்தே தன்னை மீட்டுக்கொண்டவர். உடன் இருந்தவர்களுள் மனநல மருத்துவர் வில்லியம் ரஷ் டன்டனும், சிகாகோவில் இப்பணிக்கு வித்திட்ட எலினார் கிளார்க் ஸ்லேகிலும் குறிப்பிடத்தக்கவர்கள். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்கள் துறையின் முதல் பெருந்திரள் பயனாளர்கள் ஆனார்கள். சங்கம் 1921இல் அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சைச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

பிள்ளைகள் இந்த வரலாற்றில் நோயாளிகளாகவே முதலில் வருகிறார்கள். இளம்பிள்ளை வாதமும் மூளை முடக்குவாதமும் தாக்கிய பிள்ளைகள் மருத்துவமனைகளிலும், அவர்களுக்கென்றே அமைந்த தனிப் பள்ளிகளிலும் இருந்தார்கள். ஊர்ப் பொதுப் பள்ளியில் அவர்களுக்கு இடம் இல்லை என்பதால், அங்கே சிகிச்சையாளருக்கும் வேலை இல்லை.

அந்தக் கதவை நீதிமன்றங்கள் முதலில் தட்டின. அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் பென்சில்வேனியா மாநிலத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1971இல் உடன்பாடு எட்டப்பட்டது. மறு ஆண்டு, வாஷிங்டன் நகரப் பிள்ளைகளுக்கான மில்ஸ் வழக்கில், பணப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளை மட்டும் வெளியே நிறுத்தக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றமும் கணக்கெடுத்தது: நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறன் பிள்ளைகள், பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தகுந்த கல்வி இல்லை, 10 லட்சம் பேர் பொதுப் பள்ளிகளுக்கு முற்றிலும் வெளியே. 1975 நவம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு மாற்றுத்திறன் பிள்ளைகள் அனைவருக்குமான கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மைய அரசால் நிறைவேற்ற முடிவதைவிடக் கூடுதலாக இச்சட்டம் வாக்களிக்கிறது என்று கவலை தெரிவித்தபடியே கையெழுத்திட்டார். சராசரி மாணவர் செலவில் 40 விழுக்காடு வரை மையம் தரும் என்ற அந்த வாக்கு இன்றுவரை முழுமையாக நிறைவேறவில்லை.

நம் ஆய்வுக்கு வேண்டியது அச்சட்டத்தின் ஒரு தொடர். ‘தொடர்புடைய சேவைகள்’ என்ற தலைப்பின் கீழ் போக்குவரத்து, பேச்சுப் பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை ஆகியவற்றோடு தொழில்வழிச் சிகிச்சையும் இடம்பெற்றது. ஒரு பிள்ளை சிறப்புக் கல்வியின் பயனை அடைய எது தேவையோ அதுவே தொடர்புடைய சேவை என்பது அதற்கான வரையறை. ஒரே வரியில் சட்டம் கதவைத் திறந்தது. அதே வரியில் எல்லையும் போட்டது. பிள்ளையின் கை வலுவற்றிருப்பது மட்டும் போதாது. அந்த வலுவின்மை கல்விக்குத் தடையாக நிற்பதைக் காட்ட வேண்டும். சிறப்புக் கல்வி தேவைப்படாத, ஆனால் எழுதத் தடுமாறும் பிள்ளைக்கு இந்தச் சட்டத்தின் வழி சிகிச்சை கிடைக்காது. அத்தகைய பிள்ளைகள் 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவை நாட வேண்டியிருந்தது.

சட்டம் ஆணையிட்டுவிட்டது. அதைச் செயல்படுத்த வந்தவர்களோ மருத்துவமனையில் பயின்றவர்கள். அவர்கள் அறிந்த முறையையே கையாண்டார்கள். பிள்ளையை வகுப்பிலிருந்து அழைத்துச் சென்று, கிடைத்த ஒரு தனி அறையில் அரை மணி நேரப் பயிற்சி கொடுத்துத் திரும்ப வகுப்பில் விடுவது வழக்கமாயிற்று. பயிற்சியின் இலக்குகளும் மருத்துவக் குறிப்பேட்டின் மொழியிலேயே இருந்தன: பிடியின் வலு கூட வேண்டும், தோள்மூட்டு நிலைப்பட வேண்டும். அவை கூடினால் வகுப்பில் என்ன மாறும் என்பதை ஆசிரியர் கேட்கவில்லை, சிகிச்சையாளரும் சொல்லவில்லை.

அந்தத் தனி அறையின் உள்ளடக்கத்தை மாற்றியவர் ஏ. ஜீன் ஏர்ஸ். 1920இல் கலிஃபோர்னியாவில் பிறந்த இவர் சிகிச்சையாளராகவும் ஆய்வாளராகவும் இருந்தவர். புலன் ஒருங்கிணைப்பும் கற்றல் குறைபாடுகளும் பற்றிய இவரது நூல் 1972இல் வந்தது. தொடுதல், உடலின் இருப்பை உணர்தல், சமநிலை ஆகிய புலன்களின் செய்திகளை மூளை ஒழுங்குபடுத்துவதில் நேரும் கோளாறே கற்றல் சிக்கல்களுள் சிலவற்றுக்குக் காரணம் என்பது அவர் கருதுகோள். ஊஞ்சலும் சக்கரப் பலகையும் உருளை மெத்தையும் பள்ளிக்குள் வந்தது இவரால்தான். ஏர்ஸ் செய்த பெரிய நன்மை ஒன்றை மறக்கக் கூடாது. சட்டைக் காலரின் சீட்டு உறுத்துவதால் அலறும் பிள்ளையை, சத்தம் தாங்காமல் மேசைக்கடியில் ஒளியும் பிள்ளையை, ‘அடங்காதது’ என்று முத்திரை குத்தாமல் வேறு கண்ணோடு பார்க்க ஒரு தலைமுறைக்கே அவர் கற்றுக்கொடுத்தார். ஆனால் ஊஞ்சலில் ஆடிய பிள்ளை வகுப்புக்குத் திரும்பியதும் வாசிப்பிலும் எழுத்திலும் முன்னேறுகிறதா என்ற கேள்விக்குச் சான்றுகள் உறுதியாக அமையவில்லை. 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், இவ்வகைச் சிகிச்சைகளின் பயன் பற்றிய ஆய்வு குறைவானது, பெற்றோருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று அறிவுறுத்தியது.

மருத்துவம் எங்கே முடிகிறது, கல்வி எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி 1984இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தண்டுவடக் குறைபாட்டுடன் பிறந்த டெக்சாஸ் சிறுமி ஒருத்திக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் வழியாகச் சிறுநீர் வெளியேற்ற வேண்டும். அதைச் செய்வது பள்ளியின் கடமையா? கடமைதான் என்றது டாட்ரோ வழக்கின் தீர்ப்பு. மருத்துவரே செய்தாக வேண்டியதுதான் மருத்துவச் சேவை. சில நிமிடங்களில் பள்ளிச் செவிலியர் செய்யக்கூடியது, அதுவும் அது இல்லாமல் அவளால் பள்ளியில் இருக்கவே முடியாது என்னும்போது, தொடர்புடைய சேவையே. தொழில்வழிச் சிகிச்சை பற்றிய வழக்கு இல்லை என்றாலும் அதன் அளவுகோலை இது தெளிவாக்கியது: இந்தச் சேவை இருந்தால் பிள்ளை பள்ளியில் என்ன செய்ய முடிகிறது?

இந்தக் கேள்வியை வகுப்பறைக்குள்ளேயே கேட்டவர்கள் மெக்ஹேல், செர்மாக் என்ற இரு ஆய்வாளர்கள். தொடக்கப் பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்து, பிள்ளைகள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கவனித்தார்கள். 1992இல் வெளியான முடிவின்படி, பள்ளி நாளில் 30 முதல் 60 விழுக்காடு வரை விரல் நுணுக்கம் வேண்டும் வேலைகளிலேயே கழிந்தது. அவற்றுள் பெரும்பகுதி தாளும் பென்சிலும். வகுப்புகளின் எண்ணிக்கை சிறியதுதான். ஆயினும், வாரம் ஒருமுறை அரை மணி நேரம் தனி அறையில் கை பழக்கும் பிள்ளை, மற்ற நேரமெல்லாம் அதே கையோடு வகுப்பில் தனியே போராடுகிறது என்பதை இந்தக் கணக்கு கண்முன் நிறுத்தியது.

அந்தப் போராட்டத்தை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தால் விளங்கும். பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. பாதம் தரையைத் தொடவில்லை. காலை நாற்காலிக் கால்களில் பின்னிக்கொள்கிறது. உடல் நிலைகொள்ள இடம் இல்லாததால் இடக்கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. தாளைப் பிடிக்கக் கை இல்லை. தாள் நழுவுகிறது. நழுவும் தாளை அடக்க வலக்கை பென்சிலை இன்னும் அழுத்துகிறது, விரல் நுனிகள் வெளுக்கின்றன, முனை ஒடிகிறது. ஆசிரியர் கண்ணுக்குத் தெரிவது கோணல் எழுத்து. சிகிச்சையாளர் கண்ணுக்குத் தெரிய வேண்டியது தொங்கும் பாதம். காலுக்கடியில் ஒரு பலகை, தாளுக்கடியில் ஒரு நழுவாத விரிப்பு, முழங்கை மட்டத்தில் மேசை. இவற்றைச் செய்த பிறகும் எழுத்து வரவில்லை என்றால்தான் கையைப் பற்றிய கேள்வி வருகிறது.

1975ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்கு 1997, 2004 ஆண்டுகளில் வந்த திருத்தங்கள் பொதுப் பாடத்திட்டத்தில் பிள்ளை பங்கேற்பதையே இலக்காக வற்புறுத்தின. இலக்குகளின் மொழியும் மாறத் தொடங்கியது. பிடியின் வலு என்று இருந்த இடத்தில், கரும்பலகையிலுள்ள மூன்று வரிகளைக் குறிப்பேட்டில் படிக்கும்படி எழுதுவான் என்ற வாக்கியம் வந்தது. பணத்தின் ஓட்டமோ எதிர்த்திசையில் இழுத்தது. 1988 முதல் ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமான மெடிக்எய்டிலிருந்து பள்ளிச் சிகிச்சைக்குப் பணம் பெற வழி பிறந்தது. இத்தனை பிள்ளை, இத்தனை நிமிடம் என்று எழுதக்கூடிய சேவைக்குக் கணக்கு எளிது. ஆசிரியரோடு உட்கார்ந்து மேசையின் உயரத்தைப் பற்றிப் பேசிய அரை மணி நேரத்தை எந்தப் பிள்ளையின் பெயரில் எழுதுவது? தனி அறை இன்னமும் முற்றாக மறையாததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

கனடாவின் ஒன்டாரியோவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் செரில் மிசியூனா குழுவினர் இந்த முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்தனர். 2008இல் தொடங்கிய அவர்கள் முயற்சியில், சிகிச்சையாளர் பள்ளியிலேயே நேரம் செலவிட்டு வகுப்புகளுக்குள் நடமாடினார். முதலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவும் மாற்றங்கள், பிறகு தடுமாறுவோருக்குத் தனிக் கவனம், அதற்கப்பால் தேவைப்படுவோருக்கு மட்டும் தனி ஏற்பாடு என்று படிப்படியாகச் சென்றது அம்முறை. பிள்ளைக்கு முதலில் நோய்ப் பெயர் சூட்ட வேண்டிய கட்டாயம் அதில் இல்லை.

இந்த வரலாற்றின் ஒரு கிளை இந்தியாவுக்கும் வந்தது. அமெரிக்காவில் எலிசபெத் லண்டியாகப் பிறந்து, இந்தியரை மணந்து கமலா நிம்ப்கராக வாழ்ந்தவர், 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இத்துறைக்கான முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் தொழில்வழிச் சிகிச்சையாளர்களின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதன் நிறுவன நாடுகள் பத்தில் இந்தியாவும் ஒன்று. அப்படியிருந்தும் பள்ளிக்குள் நுழைய இங்கே நெடுங்காலம் ஆனது. சென்னையில் 1985இல் தொடங்கி இன்று வித்யாசாகர் என்று அறியப்படுவது போன்ற தன்னார்வ அமைப்புகளே சிகிச்சையையும் கல்வியையும் முதலில் ஒரே கூரைக்குள் வைத்தன. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பள்ளியில் சேர்த்துக்கொள்வதோடு தேவையான ஏற்பாடுகளையும் ஆதரவையும் தரச் சொல்கிறது. நடைமுறையில் சிகிச்சை பெரும்பாலும் வட்டார வள மையத்தில் நிற்கிறது. குறித்த நாளில் தாய் பிள்ளையை இடுப்பில் சுமந்து பேருந்து ஏறி அங்கே போகிறாள். அன்று பள்ளிக்கு விடுப்பு. அமெரிக்கப் பள்ளியின் தனி அறை இங்கே பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

மையத்தில் பயிற்சி நடக்கிற நாளிலும் பள்ளிப் பெஞ்சின் உயரம் அப்படியேதான் இருக்கிறது. பழைய செய்தித்தாள்களைக் கட்டி, பழுப்பு நாடா சுற்றி, காலுக்கடியில் வைத்தால் அந்தப் பிள்ளைக்குப் பாதப்பலகை தயார். செலவு ஏதும் இல்லை. அந்தக் கட்டு எதற்காக அங்கே இருக்கிறது என்பது வகுப்பாசிரியருக்கும், கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கும், பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை அது பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடும்.