அறிஞர் சித்திலெப்பை: சட்டத்தரணி, பத்திரிகையாளர், நாவலாசிரியர்

இலங்கையின் ஆரம்பகாலத் தமிழ் நாவலான 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளியானது. அதை எழுதிய மு.கா. சித்திலெப்பை முழுநேர எழுத்தாளர் அல்லர். 1838இல் கண்டியில் பிறந்த அவர், தந்தையின் வழியில் சட்டத்தரணியானார். கண்டி மாநகர நீதிமன்றில் நீதவானாகவும் கடமையாற்றினார்.

முஸ்லிம் சமூகத்தின் கல்விப் பின்னடைவு அவரை வேறு பணிகளுக்கு அழைத்தது. கிறிஸ்தவ மிஷன் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்ப முஸ்லிம் பெற்றோர் தயங்கிய காலம் அது. 1882இல் 'முஸ்லிம் நேசன்' வாரப் பத்திரிகையைத் தொடங்கி, ஆங்கிலமும் நவீன கல்வியும் தேவை என வலியுறுத்தினார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்த ஒறாபி பாஷா இம்முயற்சிக்குத் துணைநின்றார். கொழும்பில் பாடசாலை அமைக்க சித்திலெப்பை எடுத்த முயற்சி, வாப்பிச்சி மரைக்கார் முதலியோரின் உழைப்புடன் 1892இல் மருதானையில் உருவான ஸாஹிறாப் பாடசாலையில் நிலைபெற்றது. பெண்பிள்ளைகளின் கல்விக்கும் அவர் வழி திறந்தார்.

நாவலும் இந்தப் பணிகளின் நடுவே பிறந்ததே. எகிப்தின் உயர்குடியில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளரும் அசன் அதன் நாயகன். கடத்தல், தப்பித்தல், காதல் என அற்புத சாகசக் கதைகளின் சுவை அதில் உண்டு. நற்குணமும் கல்வியும் மனிதனை உயர்த்தும் என்ற நம்பிக்கை கதை முழுவதும் ஓடுகிறது. முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும், 1879இல் அச்சான 'பிரதாப முதலியார் சரித்திர'த்துக்கு ஆறே ஆண்டுகளின் பின் வந்ததால், தமிழ் நாவல் வரலாற்றின் தொடக்கத்திலேயே அதற்கு இடமுண்டு.

பிற்காலத்தில் அவர் மெய்ஞ்ஞானத்தின் பக்கம் திரும்பி 'அஸ்றாறுல் ஆலம்' நூலை எழுதினார். 1898இல் காலமானார்.