பழைய டூரிங் மோட்டார் சைக்கிள்: காற்றழுத்தச் சோதனையும் ஓட்டச் சோதனையும்

பழைய டூரிங் மோட்டார் சைக்கிளுக்கு விலை பேசுமுன் அதன் டயர்களில் சரியான காற்று இருக்கிறதா என்று அளப்பதும், பிறகு ஓட்டி, நேர்ச்சாலையிலும் வளைவிலும் பிரேக் பிடிக்கையிலும் வண்டி கைக்கு அடங்குகிறதா என்று பார்ப்பதும் ஒரே பரிசோதனையின் இரண்டு பாதிகள். இந்த வரிசை மாறக்கூடாது. காற்றுக் குறைந்த முன் டயர் ஹேண்டிலைக் கனக்கச் செய்யும். இறுகிப்போன ஸ்டீயரிங் பேரிங்கும் அதையே செய்யும். காற்றுக் குறைந்த பின் டயர் வேகத்தில் வண்டியின் பின்பாதியை அலைய விடும். தேய்ந்த ஸ்விங் ஆர்ம் பேரிங்கும் அப்படியே அலைய விடும். காற்றைச் சரிசெய்யாமல் ஓட்டிப் பார்த்தவருக்கு ஏதோ ஒன்று சரியில்லை என்று மட்டும்தான் தெரியும். அது 50 காசுகூடச் செலவில்லாமல் தீர்வதா, ஆயிரக்கணக்கான ரிங்கிட் கேட்பதா என்று தெரியாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தச் சோதனைக்குத் தனிக் கவனம் தேவைப்படுகிறது. ஆண்டு முழுவதும் நீடிக்கும் வெப்பம், துறைமுக லாரிகள் அழுத்திவைத்த சாலைகள், அடிக்கடி வரும் வெள்ளம் ஆகிய மூன்றும் இங்கே பழைய வண்டியின் மேல் தடம் பதித்திருக்கின்றன.

வட்டாரத்தில் கிடைக்கும் வண்டிகள்

பழைய டூரிங் வண்டி தேடுபவர் இங்கே அதிகம் பார்ப்பவை காவாசாக்கி வெர்சிஸ் 650, ஹோண்டா சிபி500எக்ஸ், யமஹா டிரேசர் 900, பிஎம்டபிள்யூ ஜிஎஸ் வரிசை. மொடெனாஸ் பெயரில் வந்த டோமினார் 400 இவற்றைவிட மலிவு. பி2 உரிமம் 250 சிசி வரைக்கும் மட்டுமே செல்லும். அதை வைத்திருப்பவர் இவற்றில் எதையும் தாமே ஓட்டிச் சோதிக்க முடியாது. முழு பி உரிமம் உள்ள, பெரிய வண்டி பழகிய நண்பரை அழைத்துச் செல்வது நல்லது.

மலேசியாவின் பெரும்பாலான விரைவுச்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்குச் சாலைக் கட்டணம் இல்லை. பினாங்குப் பாலத்திலும் 2019 ஜனவரி 1 முதல் கட்டணம் நீங்கியது. அதனால் இங்குள்ள டூரிங் வண்டிகள் வடக்கு-தெற்கு விரைவுச்சாலையின் நேர்கோட்டில் நெடுந்தூரம் ஓடியவையாக இருக்கும். இதன் விளைவு முதலில் பின் டயரில்தான் தெரியும்.

காற்றழுத்தம்

சரியான அழுத்தம் எது என்பதை வண்டி தயாரித்தவர் சொல்கிறார், டயர் தயாரித்தவர் அல்ல. ஸ்விங் ஆர்ம் அல்லது செயின் மூடியில் ஒட்டிய தாளிலும் உரிமையாளர் கையேட்டிலும் அது இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவு அந்த டயர் தாங்கும் உச்சம். அதைப் பார்த்துக் காற்றடிப்பது பரவலான தவறு.

சிபி500எக்ஸ், டிரேசர் 900, பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ் மூன்றுக்கும் முன்னால் 250, பின்னால் 290 கிலோபாஸ்கல். பழைய கணக்கில் இது 36, 42 பிஎஸ்ஐ. வெர்சிஸ் 650க்கு முன்னால் 225, பின்னால் 250. ஒரு வண்டியின் அளவை இன்னொன்றுக்கு வைத்தால் ஓட்டச் சோதனை பொய் சொல்லும் என்பதற்கு இந்த வித்தியாசமே போதும். நம் பெட்ரோல் நிலையக் காற்றுப் பம்புகள் கிலோபாஸ்கலில் காட்டுவதால் இந்த எண்களை அப்படியே நினைவில் வைத்துக்கொள்வது எளிது.

இந்த அளவுகள் எல்லாம் குளிர்ந்த டயருக்கு. வண்டி ஏறத்தாழ மூன்று மணி நேரம் நிழலில் நின்றிருக்க வேண்டும். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை ஓட்டி வந்து காட்டப்படும் வண்டியின் டயர் குளிர்ந்தது அல்ல. டயருக்குள் காற்றின் வெப்பம் 30 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏறினால், 250 என்றிருந்த அளவு 285 வரை போகும். அந்தச் சூட்டில் மீட்டர் 250 காட்டினால் உண்மையில் காற்றுக் குறைவு. ஆகவே விற்பவர் வீட்டுக்கே காலையில் போய், எஞ்சினைத் தொடுமுன், சொந்த மீட்டரால் அளக்க வேண்டும். சிறிய கைமீட்டர் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதைவிட மலிவான பாதுகாப்பு இந்தப் பேரத்தில் வேறு இல்லை.

பிஎம்டபிள்யூ வண்டிகளின் டயர் அழுத்தக் காட்டி பலரைக் குழப்புகிறது. அது அழுத்தத்தை 20 பாகை வெப்பத்துக்கு மாற்றிக் கணக்கிட்டுக் காட்டும். கோலாலம்பூரில் காற்று 20 பாகைக்கு இறங்குவது அரிது. 30 பாகையில் நின்ற டயரில் கைமீட்டர் 262 காட்டும்போது திரை 250 காட்டும். இரண்டும் சரிதான். இதைக் கோளாறு என்று எண்ணிக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் மேலே போனதும் காற்றை மாற்ற வேண்டுமா என்று கேட்பது வழக்கம். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சுற்றுக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். குளிரால் டயருக்குள் அழுத்தம் குறையும். கணக்கிட்டுப் பார்த்தால் ஒன்றை மற்றொன்று ஏறக்குறைய ஈடுசெய்துவிடுகிறது. மாற்ற வேண்டியதில்லை.

அளந்ததில் 20 கிலோபாஸ்கலுக்கு மேல் குறைந்திருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். வெகுநாள் ஓட்டாமல் நின்றது ஒரு காரணம். வால்வு அடிப்பாகத்தின் ரப்பர் வெடித்திருக்கலாம். பஞ்சருக்கு வைத்த பிளக் கசியலாம். குழியில் விழுந்து ரிம் நெளிந்திருக்கலாம். வால்வை விரலால் மெல்ல வளைத்து வெடிப்புத் தெரிகிறதா என்று பார்த்து, சோப்பு நீர் தடவினால் காரணம் தெரிந்துவிடும். நைட்ரஜன் நிரப்பியிருக்கிறது என்று சொல்லி விலையேற்றினால் அதற்கு மதிப்புத் தர வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான்.

டயரின் நிலை

பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் டயரின் பிறந்த நாள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். வெயிலில் நிற்கும் வண்டியின் டயர், தடம் தேயுமுன்பே ரப்பர் இறுகிவிடும். மழையில் பிடிக்காது.

நெடுஞ்சாலையிலேயே ஓடிய பின் டயரின் நடுப்பகுதி தட்டையாகி ஓரங்கள் விளிம்பு கட்டியிருக்கும். அப்படிப்பட்ட வண்டி வளைவுக்குள் சாய மறுத்து, பிறகு சட்டென்று விழுவதுபோல் சாயும். புதிதாக ஓட்டுபவர் இதை ஃபோர்க் கோளாறு என்று எண்ணிவிடுவார். முன் டயரில் தடக்கட்டைகள் அலை அலையாகத் தேய்ந்திருந்தால், முந்தைய உரிமையாளர் பல மாதம் குறைந்த காற்றில் ஓட்டியிருக்கலாம், அல்லது முன் சஸ்பென்ஷன் அயர்ந்துபோயிருக்கலாம்.

நிறுத்திவைத்துப் பார்ப்பவை

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு மெதுவாகத் திருப்ப வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் உட்காருவதுபோல் பிடித்தால் ஸ்டீயரிங் பேரிங் போய்விட்டது. ஃபோர்க்கின் அடிக்கால்களைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் சத்தம் வரக்கூடாது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் அசையக்கூடாது. செயின் இல்லாத பிஎம்டபிள்யூவில் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டி இறுதி டிரைவின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். நடு ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்குப் பட்டறை ஸ்டாண்ட் வேண்டும். தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோவது எளிது.

ஹேண்டில் திருப்பத்தை நிறுத்தும் ஸ்டாப்பர் முட்டு நசுங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க மறக்கக்கூடாது. பெயின்ட், பேனல், கண்ணாடி எல்லாவற்றையும் புதுப்பித்து விழுந்த வண்டியை மறைக்கலாம். சேசியோடு சேர்ந்த இந்த ஸ்டாப்பரை யாரும் சரிசெய்வதில்லை. ஆர் 1200 ஜிஎஸ் வாங்குபவருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. முன் ஃபோர்க் குழாய் தொடர்பாக பிஎம்டபிள்யூ 2017இல் உலகளவில் பரிசோதனை அறிவித்தது. சேசி எண்ணைக் கொடுத்து அது செய்யப்பட்டதா என்று முகவரிடம் கேட்கலாம்.

2021 டிசம்பர் 18 வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானின் பல பகுதிகளிலும் வண்டிகள் நீரில் மூழ்கின. கழுவித் துடைத்து எஞ்சினை இயக்கிவிட்டாலும், சேறு கலந்த நீர் சக்கர பேரிங்கிலும் ஸ்விங் ஆர்ம் அச்சிலும் தங்கித் துரு பிடிக்கும். இருக்கைக்கு அடியிலும் விளக்குக் கண்ணாடிக்குள்ளும் மண் படிவு தெரிந்தால் அந்தப் பேரிங்குகளைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேசக்கூடாது.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் நடை வேகம். பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தன் போன்ற நெரிசல் சாலையில் வண்டி நின்று நின்று நகரும்போது, இறுகிய ஸ்டீயரிங் பேரிங் தன்னைக் காட்டிக்கொடுக்கும். நேராக வைக்க ஓயாமல் சின்னச் சின்னத் திருத்தம் செய்ய வேண்டியிருக்கும். நெடுஞ்சாலையில் இந்தக் குறை தெரியாமலே போகலாம்.

அடுத்து நேரோட்டம். கிள்ளான் துறைமுகத்தை நோக்கிப் போகும் சாலைகளில், குறிப்பாக வட கிள்ளான் நீரிணைப் புறவழிச்சாலையில், லாரிச் சக்கரங்கள் தார்மேல் வாய்க்கால் போட்டிருக்கின்றன. அங்கே நல்ல வண்டியும் தடுமாறும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கூட்டரசு நெடுஞ்சாலையின் தனி மோட்டார் சைக்கிள் பாதை, 1970களில் உலக வங்கி நிதியில் தொடங்கி உயிர்களைக் காத்துவரும் அருமையான ஏற்பாடு. ஆனால் பக்கப்பெட்டி மாட்டிய டூரிங் வண்டியைச் சோதிக்க அது குறுகல். புதிதாகத் தார் போட்ட, சமமான, ஆள் குறைந்த விரைவுச்சாலைத் துண்டு ஒன்றைத் தேட வேண்டும்.

அங்கே 80 கிலோமீட்டரிலிருந்து ஆக்சிலேட்டரை விட்டு, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் லேசாக மட்டும் பற்றிக்கொண்டு வேகம் குறையவிட வேண்டும். கையை எடுக்கவே கூடாது. 70க்கும் 50க்கும் இடையில் ஹேண்டில் விரைவாக நடுங்கினால் முன் டயரின் தேய்மானம், சக்கரச் சமநிலை, ஸ்டீயரிங் பேரிங் ஆகிய மூன்றில் ஒன்று. 100க்கு மேல் மொத்த வண்டியும் மெதுவாகப் பாம்புபோல் நெளிந்தால் குறை பின்பக்கம். மேல்பெட்டியைக் கழற்றி மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் பாரம் முன் சக்கரத்தை இலேசாக்கி இந்த நெளிவை வளர்க்கும். பெட்டி இல்லாமல் நின்றுவிட்டால் பாரத்தைக் குறைத்தும், பின் ஸ்பிரிங்கைத் தம் எடைக்கு ஏற்ப இறுக்கியும் தீர்க்கலாம். ஓட்டுபவர் உட்காரும்போது சஸ்பென்ஷன் அதன் மொத்த அசைவுத் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்குவது சரியான நிலை.

வளைவுக்கு ஷா ஆலாமின் பெரிய வட்டச்சாலைகள் நல்லவை. ஒரே சாய்வில் தொடர்ந்து வலப்பக்கம் போகலாம். வண்டி தானாக உள்ளே விழவும் கூடாது, நிமிரவும் கூடாது. இடப்பக்கச் சாய்வுக்கு விரைவுச்சாலையின் ஏறு-இறங்கு வளைவுகள் உண்டு. ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கனமாகவும் சாய்ந்தால், சக்கரங்கள் ஒரே கோட்டில் இல்லை அல்லது ஃபோர்க் முறுக்கிக்கொண்டிருக்கிறது. விற்பவர் சம்மதித்தால் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா வரை ஏறி இறங்குவது எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் காட்டும். இறக்கத்தில் முன் பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில் ஒரு பக்கம் இழுத்தால் கவனிக்க வேண்டும்.

விலையும் விலகலும்

தேய்ந்த டயர், ஸ்டீயரிங் பேரிங், கசியும் ஃபோர்க் சீல் ஆகியவை செலவுகள். அவற்றின் விலையைக் கடையில் கேட்டு, கேட்ட தொகையை விலையிலிருந்து கழிக்கச் சொல்லலாம். நேர்மையான விற்பனையாளர் ஒப்புக்கொள்வார். வளைந்த ஃபோர்க், முறுகிய சேசி, ஒரு பக்கம் மட்டும் கனக்கும் சாய்வு ஆகியவற்றுக்கு எந்தத் தள்ளுபடியும் ஈடாகாது. வண்டியின் உரிமைச் சான்றான கிராண்டில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசி எண்ணும் வண்டியில் பொறித்ததோடு ஒத்துப்போகாவிட்டாலும் அப்படியே. இந்த எண்களை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, நல்ல வெளிச்சத்தில், சொந்தக் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும்.