பாராமகாலில் ஒரு தோட்டம்

தருமபுரி மாவட்டம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்தினின்று பிரிந்து உருவாயிற்று. 2004இல் அதன் ஒரு பகுதி கிருஷ்ணகிரி மாவட்டமாயிற்று. இவ்விரு மாவட்டங்களின் பெரும்பகுதியும் திருப்பத்தூர்ச் சீமையும் முற்காலத்தில் பாராமகால் என்னும் ஒரே பெயரால் வழங்கின. பாராமகாலின் வரலாற்றை நிலவரியின் வரலாறாகவே நாம் கற்றுவந்திருக்கிறோம். அதே ஏடுகளில் ஓய்வைப் பற்றிய ஒரு செய்தியும் அடங்கியுள்ளது. ஆயர்களுக்கும் ஆயராக விழைவோருக்கும் அது பயன்படும் என்று எண்ணி இங்கு எழுதுகிறோம்.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடு என்னும் படை அதிகாரி அதன் பொறுப்பை ஏற்றார். அவருக்குத் துணையாக வந்தவருள் தாமஸ் மன்றோ ஒருவர். 1761இல் கிளாஸ்கோ நகரில் பிறந்து, 1780இல் படைவீரராகச் சென்னைக்கு வந்த மன்றோ, 1799 வரை இப்பகுதியில் பணிசெய்தார். தருமபுரி அவருடைய இருப்பிடம். நிலங்களைத் தனித்தனியே அளந்து, உழவரோடு நேரடியாக வரியை உறுதிசெய்யும் முறை இங்குதான் உருவெடுத்தது. பின்னர் இது ரயத்துவாரி எனப் பெயர்பெற்றது.

இம்முறை நீதியானதா என்பது வேறு ஆராய்ச்சி. அதனை நடத்தியவரின் நாள் எப்படிக் கழிந்தது என்பதே இங்கு நம் பொருள். மன்றோ கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்றார். காலை முதல் மக்கள் சூழ்ந்து ஒரே வேளையில் பேசினர். ஒருவர் தந்தை காலத்துப் பழங்கடனைச் சொல்வார். ஒருவர் போர்க்காலத்தில் தாம் ஊரில் இல்லாதபோது உடன்பிறந்தான் சொத்தைப் பறித்ததை முறையிடுவார். இன்னொருவர் தம்மோடு உழைத்த மனைவி இறந்தமையால் வரி செலுத்த இயலாதென்பார். தமக்கென்று ஒரு மணி நேரமும் நாளில் இல்லை என்ற கருத்தை அவர் தம் குடும்பத்தாருக்கு எழுதினார். அக்கடிதங்களைத் தொகுத்து 1830இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்ட ஜி. ஆர். கிளெய்க் ஒரு குருவானவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இதனைப் படிக்கும் ஆயர் எவரும் தம் வீட்டுத் திண்ணையைக் காண்பார். நாமும் இம்மாவட்டத்தில் பல சிற்றூர்ச் சபைகளைக் கொண்ட ஒரு வட்டத்தில் பணிசெய்தோம். அந்நாள்களில் ஓர் அடக்க ஆராதனையில் கல்லறையருகே நின்றபோது, மரித்தவரின் பெயர் நமக்கு நினைவிற்கு வரவில்லை. அவர் பல ஆண்டுகளாக நாம் நற்கருணை வழங்கிய மூதாட்டி. மகன் நம் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லப் பெயரைச் சொன்னார். அன்றும் நம் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்துகொண்டேயிருந்தது. அதுவரை ஓய்வின்மையை அர்ப்பணத்தின் அடையாளமாகக் கருதிவந்தோம்; பிறரும் அவ்வாறே நம்மைப் பாராட்டினர்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் பணியினால் உண்டாகும் இத்தகைய சோர்வை ஒரு நோயாகக் கொள்ளாமல், வேலைச்சூழலைச் சார்ந்த நிலையாக வகைப்படுத்திற்று. இவ்வேறுபாடு முக்கியமானது. சோர்ந்துபோன ஆயரிடம் விசுவாசக் குறைவைத் தேடுமுன், சபையானது அவருக்கு வகுத்துள்ள நாளைப் பார்க்கவேண்டும். எலியா சூரைச்செடியின் கீழ்ச் சாகவேண்டும் என்று கேட்டபோது அவருக்கு முதலிற் கிடைத்தவை உறக்கமும் அப்பமும் தண்ணீருமேயன்றிக் கண்டனமன்று (1 இராஜாக்கள் 19). மாற்கு 6ஆம் அதிகாரத்திலும், வருவோரும் போவோரும் மிகுந்து உண்ணவும் நேரமற்றிருந்த சீடரை ஆண்டவர் தனியிடத்திற்கு அழைக்கிறார். கூட்டம் கரைவழியே ஓடி முந்திக்கொண்டது. ஆகவே ஓய்வு படகுப் பயணத்தளவே நீடித்தது. அச்சிறு பொழுதையும் மாற்கு விடாமல் பதிந்திருக்கிறார்.

மன்றோவுக்குப் படகாக அமைந்தது தருமபுரியில் அவர் அமைத்த தோட்டம். கூடார வாழ்வினின்று திரும்பியபோதெல்லாம் அங்கு சென்றார். மரங்களின்மீது அவர் கொண்ட பற்று கடிதங்களில் தெளிவாகத் தெரிகிறது. 1799இல் கன்னட நாட்டிற்கு மாற்றப்பட்டபோது பாராமகாலைவிட்டு மிகுந்த வருத்தத்தோடு பிரிந்தார்.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. வரி விதித்தவருக்குத் தோட்டம் இருந்தது. வரி செலுத்திய உழவருக்கு ஓய்வு எங்கே? திருமறையின் ஓய்வுநாட் கட்டளை வீட்டுத் தலைவரோடு நிற்பதில்லை. வேலைக்காரரும் வேலைக்காரியும் அந்நியரும் எருதும் கழுதையும் அதில் இடம்பெறுகின்றனர் (உபாகமம் 5:14). ஆயர் மலைவாசத்தலம் சென்று திரும்பும்வரை அவருடைய பணியையும் சேர்த்துச் சுமக்கும் உபதேசியாரையும், ஆயர் வீட்டின் சமையலறையையும் இக்கட்டளையோடு வைத்து எண்ணவேண்டும்.

இவ்வகையில் அதே பாராமகாலில் பின்னர் தோன்றிய வேறொரு முயற்சி நம் கருத்தைக் கவர்கிறது. ரீடு தலைமையிடமாகக் கொண்டிருந்த திருப்பத்தூரில் 1921இல் சவரிராயன் ஏசுதாசன், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்னும் மருத்துவர் இருவர் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். அங்கு மருத்துவப் பணியும் இறைவேண்டலும் ஒரே வாழ்வின் பகுதிகளாயின. தனிமனிதர் தம் நாளினின்று திருடிக்கொள்ளவேண்டிய அமைதியைக் குழுவாழ்வு அனைவருக்கும் பொதுவாக்கிற்று. நம் சேகரங்கள் இதனைப் பெரிதும் கற்றுக்கொள்ளவில்லை என்றே கூறவேண்டும்.

மன்றோ 1820இல் சென்னை ஆளுநரானார். பணியினின்று விடுபட விழைந்து மேலிடத்திற்கு எழுதினார். 1824இல் பர்மியப் போர் மூண்டதால் விலகாமல் நின்றார். 1826இல் மனைவி இளைய மகனோடு தாயகம் திரும்பினார். போர் முடிந்தும் அடுத்த ஆளுநர் வரத் தாமதமாயிற்று. 1827இல், தாம் முன்பு ஆண்ட கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் விடைபெறும் பயணம் மேற்கொண்டார். ஜூலை 6ஆம் நாள் பத்திகொண்டாவில் காலரா நோயால் அன்றே இறந்தார். கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல் 1831இல் சென்னைக் கோட்டையின் தூய மரியாள் ஆலயத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அவர் இறந்த பத்திகொண்டாவில் அரசு அவர் நினைவாக ஒரு கிணறு வெட்டி, அதனைச் சூழ ஒரு தோப்பு வைத்தது.